தன்னுந்து துகள்களின் கூட்டியக்கம்: இரைச்சலின் வரலாறு

தன்னுந்து துகள்கள் என்பவை வெளியிலிருந்து எதுவும் தள்ளாமல், ஆற்றலைச் செலவழித்துத் தாமே நகரும் பொருள்கள் ஆகும். பாக்டீரியா, வெட்டுக்கிளி, மீன், பறவை ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. ஆய்வகத்தில் அதிரும் தட்டின்மேல் ஓடும் உலோகத் துண்டுகளையும் இயற்பியலாளர்கள் இதே வகையில் சேர்க்கின்றனர். இவை பெருந்திரளாகக் கூடும்போது, தலைவனோ கட்டளையோ இல்லாமலேயே ஒரே திசையில் செல்லத் தொடங்குவது கூட்டியக்கம் எனப்படும்.

கூட்டியக்கத்தை விளக்கும் கணித மாதிரிகளில் பெரும்பாலானவை தற்செயல்சார் மாதிரிகள். அதாவது, துகள் அடுத்து எத்திசையில் செல்லும் என்பதில் ஒரு பங்கை விதியும் மற்றொரு பங்கைத் தற்செயலும் முடிவு செய்யும். இந்தத் தற்செயல் பங்குக்கு, மின்னணுப் பொறியியலில் வழங்கும் சொல்லைக் கொண்டு, இரைச்சல் என்று பெயர். இரைச்சல் ஒழுங்கைக் கெடுக்கும் என்பதே இத்துறையின் தொடக்ககாலக் கருத்து. சில கூட்டங்களில் இரைச்சலே ஒழுங்கை உண்டாக்குகிறது என்பதை ஆய்வாளர்கள் பிற்காலத்தில்தான், அதுவும் உயிருள்ள வெட்டுக்கிளிகளையும் மீன்களையும் எண்ணிப் பார்த்த பிறகே, ஏற்றுக்கொண்டனர்.

தனித் துகளின் நடை

1827 ஆம் ஆண்டில் இசுக்கொட்லாந்துத் தாவரவியலாளர் இராபர்ட் பிரௌன், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துடிப்பதைக் கண்டார். உயிர்தான் காரணமோ என்று ஐயுற்று, உயிரற்ற பொருள்களின் தூளையும் நீரில் இட்டுப் பார்த்தார். அவையும் துடித்தன. 1905 இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டீனும் 1906 இல் போலந்து இயற்பியலாளர் மரியான் ஸ்மோலுச்சோவ்ஸ்கியும் இதற்கு விளக்கம் தந்தனர். நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் தற்செயலாக மோதுவதால் துகள் அலைகிறது. அவ்வாறு அலையும் துகள் இருமடங்கு தொலைவு செல்ல நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். 1908 இல் பால் லாஞ்செவின் நியூட்டனின் இயக்கச் சமன்பாட்டில் ஒரு தற்செயல் விசையைச் சேர்த்து இதே முடிவைப் பெற்றார். இன்றைய தன்னுந்து துகள் மாதிரிகள் பலவும் அந்தச் சமன்பாட்டின் வழிவந்தவை.

துடிப்புக்கு உயிர் காரணமல்ல என்று பிரௌன் காட்டினார். கிட்டத்தட்ட நூறாண்டுக்குப் பின் அதே கணிதம் உயிருள்ளவற்றை நோக்கித் திரும்பியது. 1920 இல் பிராகா நகரின் ரெயின்ஹோல்ட் ஃபூர்த், நீரில் நீந்தும் ஒருசெல் உயிரிகளின் பாதையை ஆராய்ந்தார். அவை பிரௌன் துகள்போல் கணத்துக்குக் கணம் திசை மாற்றவில்லை. சிறிது நேரம் ஒரே திசையில் சென்று, பின் மெல்ல அத்திசையை மறந்தன. குறுகிய காலத்தில் நேர்க்கோட்டு ஓட்டம், நெடுங்காலத்தில் தற்செயல் அலைச்சல் என்ற இரண்டையும் இணைக்கும் வாய்பாடு அவர் தந்ததாகும்.

1972 இல் ஹோவர்ட் பெர்க், டக்ளஸ் பிரௌன் ஆகிய இருவரும், நீந்தும் பாக்டீரியாவை விடாமல் பின்தொடரும் நுண்ணோக்கியைக் கொண்டு எஸ்செரிச்சியா கோலையின் முப்பரிமாணப் பாதையைப் பதிவு செய்தனர். அது ஏறத்தாழ ஒரு நொடி நேராக ஓடுகிறது. பின் பத்தில் ஒரு நொடி தடுமாறிச் சுழன்று புதிய திசையில் கிளம்புகிறது. எத்திசையில் உணவு உள்ளது என்பது அதற்குத் தெரியாது, திசையைத் தேர்ந்தெடுக்கவும் அதனால் முடியாது. உணவுச் செறிவு கூடிக்கொண்டே போனால் அடுத்த தடுமாற்றத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. திசையைத் தற்செயலிடம் விட்டுவிட்டு ஓடும் நேரத்தை மட்டும் நீட்டிக் குறைத்தே அது உணவை அடைந்துவிடுகிறது. தற்செயல் ஓர் உயிரிக்குப் பயன்படுகிறது என்பதற்குக் கிடைத்த தெளிவான தொடக்கச் சான்றுகளில் இது ஒன்று. ஆயினும் கூட்டியக்க ஆய்வு இதிலிருந்து பாடம் படிக்க நெடுநாள் ஆயிற்று.

கூட்டத்துக்கு வருதல்

ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே கணத்தில் திரும்புவதைக் கண்டு வியந்த ஆங்கிலப் பறவை ஆய்வாளர் எட்மண்ட் செலூஸ், அவை ஒன்றன் எண்ணத்தை ஒன்று நேரடியாக உணர்கின்றனவோ என்று 1931 இல் வெளியான தம் நூலில் கேட்டார். அந்தக் கேள்வியை இன்று நகைப்பது எளிது. ஆனால் பல்லாண்டுகள் வயலில் நின்று பறவைகளைப் பார்த்தவர் அவர். கண்ணால் பார்த்ததற்கு அக்காலத்தில் வேறு விளக்கம் இருக்கவில்லை.

கணினி வந்த பிறகே விளக்கம் கிடைத்தது. 1982 இல் சப்பானிய ஆய்வாளர் இச்சிரோ அவோகி மீன் கூட்டத்துக்கு ஒரு கணினி மாதிரி அமைத்தார். அதில் ஒவ்வொரு மீனின் வேகமும் திசையும் நிகழ்தகவுப் பரவலிலிருந்து எடுக்கப்பட்டன. தலைமை மீன் இல்லாமலேயே கூட்டம் ஒன்றாக நகர்ந்தது. 1987 இல் அமெரிக்கக் கணினி வரைகலையாளர் கிரேக் ரெய்னால்ட்ஸ் 'பாய்ட்ஸ்' என்ற நிரலை வெளியிட்டார். மிக நெருங்கினால் விலகு, அருகிலிருப்போரின் திசையைப் பின்பற்று, கூட்டத்தின் நடுவை நோக்கிச் செல் என்ற மூன்று விதிகள் மட்டுமே அதில் இருந்தன. 1992 இல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' திரைப்படத்தின் வௌவால் கூட்டம் இந்நிரலின் வழியில் உருவானது. ரெய்னால்ட்சுக்கு வேண்டியது கண்ணுக்கு நம்பும்படியான காட்சி. எண்களில் அளக்கக்கூடிய ஒரு கேள்வியை அவர் எழுப்பவில்லை.

1990 இல் உயிரியலாளர் ஃபிராங்க் ஹெப்னரும் கணிதவியலாளர் உல்ஃப் கிரெனாண்டரும் வெளியிட்ட மாதிரி அதிகம் பேசப்படாதது. காற்றின் வீச்சு போன்ற திடீர்த் தொந்தரவுகளுக்காக அவர்கள் பறவைகள்மேல் தற்செயல் உதைகளைச் சேர்த்தனர். அந்த உதைகள் இல்லாமல் உண்மையான பறவைக் கூட்டத்தின் சாயல் வரவில்லை என்றும் குறிப்பிட்டனர். இரைச்சல் தேவை என்ற கருத்து இவ்வாறு முன்பே ஒருமுறை தலைகாட்டிவிட்டது. அதன் பொருளை அப்போது யாரும் தொடர்ந்து தேடவில்லை.

விச்செக் மாதிரி

1995 ஆகஸ்டில் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. புடாபெஸ்ட் நகரின் டமாஷ் விச்செக், அன்ட்ராஷ் சிரோக் ஆகியோரும், டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் பாக்டீரியாக் குடியிருப்புகளின் வடிவங்களை ஆராய்ந்துவந்த எஷெல் பென்-ஜேக்கப், இனோன் கோஹன், ஓஃபர் ஷோஹெட் ஆகியோரும் அதை எழுதினர்.

அவர்களது மாதிரியில் துகள்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் செல்லும். ஒவ்வொரு நேர அடியிலும் ஒரு துகள் தன்னைச் சுற்றிக் குறிப்பிட்ட ஆரத்துக்குள் உள்ள துகள்களின் திசைகளைச் சராசரி எடுத்து, அத்திசைக்குத் திரும்பும். திரும்பும்போது ஒரு தற்செயல் கோணம் பிசகும். ரெய்னால்ட்ஸின் மூன்று விதிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரைச்சலைச் சேர்த்ததே இம்மாதிரி எனலாம். துகள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை, விலக்குவதுமில்லை.

இந்த எளிமையால் ஓர் அளவுகோல் கிடைத்தது. எல்லாத் துகள்களின் திசைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால், யாவும் ஒரே பக்கம் சென்றால் 1, ஆளுக்கொரு பக்கம் சென்றால் ஏறத்தாழ 0 கிடைக்கும். இரைச்சல் மிகுந்திருக்கையில் இந்த எண் சுழியத்தை ஒட்டியிருந்தது. இரைச்சலைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எண் உயரத் தொடங்கியது. அடர்த்தியைக் கூட்டினாலும் இதுவே நடந்தது. சூடான இரும்பு குளிர்கையில் ஒரு வெப்பநிலைக்குக் கீழே காந்தமாவதை இது ஒத்திருந்தது. வெப்பநிலையின் இடத்தில் இங்கே இரைச்சல் இருந்தது. பறவைக் கூட்டத்தை நிலைமாற்றம் என்ற இயற்பியல் கருத்தோடு இணைத்ததே இக்கட்டுரையின் சாதனை. இரைச்சல் ஒழுங்கின் எதிரி என்ற கருத்தும் அந்தக் காந்த உவமையோடு சேர்ந்தே வந்தது.

உவமையில் ஒரு முரண் இருந்தது. தட்டையான பரப்பில் அடுக்கிய அம்புகள் பக்கத்து அம்பை மட்டுமே பார்த்துத் திரும்பினால், வெப்பநிலை எவ்வளவு குறைவாயினும் சரி, முழுப் பரப்பும் ஒரே திசை காட்ட முடியாது என்று 1966 இல் டேவிட் மெர்மினும் ஹெர்பர்ட் வாக்னரும் நிறுவியிருந்தனர். காதோடு காதாகச் செய்தி கடத்தும் விளையாட்டில் கடைசி ஆளிடம் செய்தி உருமாறி வருவதுபோல, சிறு பிழைகள் சேர்ந்து தொலைவில் திசை மறந்துபோகும். அப்படியென்றால் தட்டையான பரப்பில் ஓடும் விச்செக்கின் துகள்கள் மட்டும் எவ்வாறு ஒழுங்குபடுகின்றன?

அதே ஆண்டின் டிசம்பரில் ஐபிஎம் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜான் டோனரும் யூஹாய் டூவும் விடை தந்தனர். காந்தத்தின் அம்புகள் இடம் மாறாதவை, பறவைகள் நகர்பவை. திசையில் சற்றே பிசகிய பறவை பக்கவாட்டில் விலகிப் போய்ப் புதிய அண்டைப் பறவைகளிடம் சேர்கிறது. தன் திசைச் செய்தியையும் உடன் கொண்டு செல்கிறது. செய்தி காதோடு காதாக மட்டும் செல்லாமல், ஆள்களே எழுந்து நடந்துபோய்ச் சொல்வதால் அது விரைவாகவும் தெளிவாகவும் பரவுகிறது. பிழையே பிழையின் விளைவை அடக்கிவிடுகிறது. நீரோட்டச் சமன்பாடுகளைப் போன்ற வடிவில் டோனரும் டூவும் இதை எழுதினர். 2020 இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் லார்ஸ் ஆன்சாகர் பரிசு டோனர், டூ, விச்செக் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

பெட்டியின் அளவு பற்றிய சர்ச்சை

விச்செக் குழு கண்ட மாற்றம் தொடர்ச்சியானது. அதாவது ஒழுங்கு சுழியத்திலிருந்து மெல்ல வளர்ந்தது. 2004 இல் பிரான்சைச் சேர்ந்த கிய்யோம் கிரெகுவாரும் யூக் ஷாத்தேயும் இதை மறுத்தனர். கணினிப் பெட்டியைப் போதிய அளவு பெரிதாக்கினால், மாற்றம் நீர் கொதிப்பதுபோல் திடீரென நிகழ்கிறது என்றனர். மாறும் எல்லையில் துகள்கள் அடர்ந்த பட்டைகளாகத் திரண்டு, ஏறக்குறைய வெறுமையான பரப்பில் அலைபோல் ஓடின. சிறிய பெட்டியில் அத்தகைய பட்டைக்கு இடமில்லை; அதனால்தான் முன்பு மாற்றம் மென்மையாகத் தோன்றியது.

விச்செக் குழு விட்டுக்கொடுக்கவில்லை. இரைச்சலை எந்த இடத்தில் சேர்ப்பது, துகள்களின் வேகம் எவ்வளவு என்பவற்றைப் பொறுத்து முடிவு மாறும் என்று வாதிட்டது. துகள் சராசரியைச் சரியாகக் கணித்துவிட்டுத் திரும்புகையில் பிசகுவது ஒன்று. அண்டைத் துகள்களின் திசையைப் பார்ப்பதிலேயே பிசகுவது வேறொன்று. முதலாவது கால் தடுமாறுவது, இரண்டாவது கண் தவறுவது. சர்ச்சை சில ஆண்டுகள் நீடித்தது. முடிவில் ஷாத்தேயின் பக்கமே வலுத்தது. 2015 இல் அலெக்சாந்தர் சோலோன், ஷாத்தே, ஜூலியன் தையர் ஆகியோர், இந்த மாற்றத்தை நீராவி நீராகக் குளிர்வதோடு ஒப்பிடுவதே பொருத்தம் என்று காட்டினர். காந்த உவமை இவ்வாறு பின்னுக்குச் சென்றது. இரைச்சல் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபாடுகள் மறைந்துள்ளன என்பதையும் இச்சர்ச்சை வெளிக்கொணர்ந்தது.

இதே காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சிரீராம் ராமசாமியும் உடன் ஆய்வாளர்களும் மற்றொரு வியப்பைக் கணித்தனர். சாதாரண வாயுவில் சராசரியாக 10,000 மூலக்கூறுகள் இருக்கும் இடத்தில், எண்ணிக்கை ஏறத்தாழ 100 அளவில் கூடிக் குறையும். தாமே நகரும் துகள்கள் ஒழுங்குபட்ட நிலையில் இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு மிகப் பெரிதாகும் என்பதே கணிப்பு. 2007 இல் விஜய் நாராயண், ராமசாமி, நாராயணன் மேனன் ஆகியோர் அதிரும் தட்டின்மேல் செப்புக் கம்பித் துண்டுகளைப் பரப்பி இதை நேரில் காட்டினர். கம்பிகள் ஓரிடத்தில் மொய்ப்பதும் பின் அவ்விடம் வெறிச்சோடுவதும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன.

ரோம் நகரின் வானம்

மாதிரிகள் பெருகிய அளவுக்கு அளவீடுகள் பெருகவில்லை. பறக்கும் ஆயிரம் பறவைகளின் முப்பரிமாண இடங்களைக் குறிப்பது கடினம். மைனாக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் குளிர்கால மாலைகளில் ரோம் நகரின் தெர்மினி தொடருந்து நிலையத்துக்கு மேலே திரள்கின்றன. அருகிலுள்ள மாஸ்ஸிமோ அரண்மனையின் கூரையில் ஒளிப்படக் கருவிகளை நிறுத்தி, ஒரே நொடியைப் பல கோணங்களில் படமெடுத்தது ஆந்திரேயா கவாஞ்ஞா, ஐரீன் ஜார்தினா, ஜார்ஜோ பரீசி ஆகியோர் இடம்பெற்ற குழு. பரீசி பின்னர் 2021 இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

2008 இல் வெளியான முடிவு விச்செக் மாதிரியின் அடிப்படையையே தொட்டது. ஒரு பறவை குறிப்பிட்ட தொலைவுக்குள் உள்ள அனைத்தையும் பார்த்து நடப்பதில்லை. எவ்வளவு தள்ளியிருந்தாலும் தனக்கு மிக அருகிலுள்ள ஆறு ஏழு பறவைகளையே அது கணக்கில் கொள்கிறது. வல்லூறு பாய்ந்து கூட்டம் சிதறி விரிந்தாலும் பிணைப்பு அறுந்துபோகாததற்கு இது காரணமாகலாம்.

வெட்டுக்கிளியும் மீனும்

பாலைவன வெட்டுக்கிளியைப் பொறுத்தவரை கூட்டியக்கம் வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. இறக்கை முளைக்காத இளம் வெட்டுக்கிளிகள் தரையில் படையாக அணிவகுத்துச் செல்லும். படை எத்திசையில் போகும் என்று தெரிந்தால்தான் அதன் பாதையில் முன்கூட்டியே மருந்திட முடியும்.

2006 இல் ஜெரோம் பூல், டேவிட் சம்ப்டர், இயன் கௌசின், ஸ்டீஃபன் சிம்ப்சன் ஆகியோரின் குழு, மூலையே இல்லாத வளைய வடிவ அரங்கில் 5 முதல் 120 வரை வெட்டுக்கிளிகளை விட்டு எட்டு மணி நேரம் பதிவு செய்தது. எண்ணிக்கை குறைவாயிருந்தபோது ஒவ்வொன்றும் தன் போக்கில் திரிந்தது. நடுத்தர அடர்த்தியில் அவை சேர்ந்து ஒரே பக்கமாக வலம் வந்தன. ஆனால் வெளிக் காரணம் எதுவுமின்றித் திடீரென எல்லாமே திசை மாறின. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 74 என்ற அடர்த்தியைத் தாண்டியதும் இந்தத் திடீர்த் திருப்பங்கள் நின்றன. விச்செக் பங்குகொண்ட 1999 ஆம் ஆண்டின் ஒருபரிமாண மாதிரி இதை நன்கு விளக்கியது. இந்த அணிவகுப்புக்குப் பின்னால் ஒரு கொடுமையும் உண்டு: பின்னால் வரும் வெட்டுக்கிளி முன்னால் செல்வதைக் கடித்துத் தின்னக்கூடும் என்றும், நடையைத் தூண்டுவதில் அதற்குப் பங்குண்டு என்றும் 2008 இல் வெளியான ஆய்வு காட்டியது.

2009 இல் கிறிஸ்டியன் யேட்ஸ், ராடெக் எர்பன் முதலியோர் அதே பதிவுகளை வேறு கண்ணால் பார்த்தனர். கூட்டத்தின் சராசரி வேகம் எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது, எவ்வளவு நடுங்குகிறது என்ற இரண்டையும் தரவிலிருந்தே தனித்தனியாகக் கணக்கிட்டனர். நடுக்கம் எப்போதும் ஒரே அளவாக இல்லை. ஒழுங்கு குலைந்திருந்த வேளையில் கூடியும், ஒழுங்கு நிலவிய வேளையில் குறைந்தும் இருந்தது. ஒழுங்கு தவறியதும் வெட்டுக்கிளிகள் அங்குமிங்கும் அதிகமாகத் தடுமாறுகின்றன. அத்தடுமாற்றமே அவற்றைக் குழப்பநிலையிலிருந்து விரைவில் வெளியேற்றி ஒரு பக்கம் சேர்க்கிறது.

மீன்களில் இது இன்னும் தெளிவாயிற்று. இந்திய அறிவியல் கழகத்தில் விஷ்வேஷ குத்தல் குழுவினர், கேரளத்தில் கரிமீன் என வழங்கும் மீனின் குஞ்சுகளை 15, 30, 60 எனக் கூட்டங்களாக நீந்தவிட்டுப் பதிவு செய்தனர். ஜிதேஷ் ஜாவர் முதல் ஆசிரியராக அமைந்த அக்கட்டுரை 2020 இல் 'நேச்சர் பிசிக்ஸ்' இதழில் வெளிவந்தது. தரவிலிருந்து அவர்கள் வருவித்த சமன்பாட்டில் இரைச்சலை நீக்கினால் மீன்கள் ஒழுங்குபடுவதில்லை, குழப்பநிலைக்கே திரும்பிவிடுகின்றன. கூட்டம் சிறிதாகும்போது ஒழுங்கு மிகுந்தது. இரண்டு முடிவுகளும் பழைய பாடத்துக்கு நேர்மாறானவை.

விளக்கம் எளிது. ஒவ்வொரு மீனும் அண்டை மீன்கள் அனைத்தையும் சராசரி எடுக்காமல், அவ்வப்போது ஏதேனும் ஒரு மீனை மட்டும் பார்த்து அதன் திசையை நகலெடுக்கிறது என்று கொள்வோம். பத்து மீன்களில் ஐந்து இடமாகவும் ஐந்து வலமாகவும் செல்கின்றன. தற்செயலாக ஒரு மீன் பக்கம் மாறினால் ஆறுக்கு நான்கு. இன்னொன்று மாறினால் ஏழுக்கு மூன்று. பத்தும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் நகலெடுக்க வேறு திசையே இல்லை. ஆட்டம் அங்கேயே தங்கிவிடும், எப்போதாவது ஒரு மீன் தானாகத் திரும்பும்வரை. பத்தாயிரம் மீன்கள் இருந்தால், தற்செயல் ஊசலாட்டம் மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. ஐந்தாயிரத்துக்கு ஐந்தாயிரம் என்ற நிலை எளிதில் அசையாது. எனவே சிறு கூட்டத்தில் ஒழுங்கைத் தருவது சிறு எண்ணிக்கைக்கே உரிய தற்செயல்தான். இதே கணிதத்தைப் பொருளியலாளர் ஆலன் கிர்மன் 1993 இலேயே, சமமான இரு உணவுக் குவியல்களில் ஒன்றை மட்டும் எறும்புகள் மொய்ப்பதை விளக்கவும், அதன்வழி சந்தையில் மக்கள் ஒரே பக்கம் சாய்வதை விளக்கவும் பயன்படுத்தியிருந்தார்.

2025 ஆம் ஆண்டின் மறுப்பு

வெட்டுக்கிளியின் கதை மீண்டும் திறக்கப்பட்டது. கென்யாவில் 2020 இல் நிகழ்ந்த படையெடுப்பின்போது எடுத்த களப் பதிவுகளையும், ஆய்வக மெய்நிகர் காட்சிச் சோதனைகளையும் கொண்டு, கௌசினும் உடன் ஆய்வாளர்களும் 2025 பிப்ரவரியில் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 2006 ஆம் ஆண்டின் கட்டுரையில் பங்குகொண்டவரே கௌசின் என்பது கவனிக்கத்தக்கது. தன்னுந்து துகள் மாதிரிகள் வெட்டுக்கிளிக்குப் பொருந்தவில்லை என்பது புதிய கட்டுரையின் முடிவு.

உயிருள்ள ஒரு வெட்டுக்கிளியை நடுவில் விட்டு, இரு பக்கமும் கணினி உருவாக்கிய வெட்டுக்கிளிக் கூட்டங்களை ஒரே திசையில் நகரச் செய்தனர். விச்செக் விதிப்படி அது இரண்டுக்கும் இணையாக நடந்திருக்க வேண்டும். அது அவ்வாறு செய்யவில்லை; ஏதேனும் ஒரு கூட்டத்தை நோக்கித் திரும்பி அதனிடம் சென்றது. அண்டை வெட்டுக்கிளிகள் எத்திசையில் செல்கின்றன என்பதை அது பின்பற்றுவதில்லை. அவை எப்பக்கம் உள்ளன என்பதைத் தன் மூளைக்குள் குறித்துக்கொண்டு, அவற்றுள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறது. எனவே ஆய்வாளர்கள் முன்வைத்த புதிய மாதிரி ஒரே வெட்டுக்கிளியின் நரம்பு வலைக்குள் தொடங்குகிறது. அங்கே வெவ்வேறு திசைகளுக்கான சமிக்ஞைகள் தமக்குள் போட்டியிட்டு, முடிவில் ஒரு திசையில் ஒன்றுபடுகின்றன.